“சதை வளந்திருச்சுங்க”: டான்சில் வீங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

“ஏனுங்க, தொண்டை வலிக்குதுங்க, அந்த மூணு மாத்திரை அட்டை ஒண்ணு குடுங்க.”

மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு மார்கழி, தை மாதங்களில் கடை திறந்ததும் காதில் விழுகிற முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான். மூணு மாத்திரை அட்டை என்றால் அசித்ரோமைசின் 500. சீட்டு இருக்கிறதா என்று கேட்டால், “போன வருசம் பெரியவனுக்கு டாக்டர் எழுதுனதுதானுங்க, அதே தொண்டை வலிதானே” என்பார்கள். வலி அதேதான். உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் கிருமியும் அதேதானா என்பது கேட்கிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டான்சில் விவகாரம் முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

போன தை மாதம் கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆத்தா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஏழு வயதுப் பையன். காய்ச்சலில் கண் மினுங்கிக்கொண்டிருந்தது, எச்சிலைக்கூட விழுங்க மாட்டாமல் துண்டில் துப்பிக்கொண்டிருந்தான். “சதை வளந்திருச்சுங்க. பாரியூர் நோம்பில ஐஸ் வாங்கித் தின்னான், அதோட வந்த கெரகம். உள்நாக்கையும் தூக்கி வுட்டுப் பாத்தேன், கேக்கலீங்க.”

உள்நாக்கைத் தூக்குவது என்றால், விரல் நுனியில் உப்பும் மிளகுப்பொடியும் தொட்டு, அண்ணத்துக்குப் பின்னால் தொங்கும் அந்தச் சின்னத் துண்டை மேலே பார்த்து அழுத்துவது. எனக்கும் சின்ன வயதில் செய்திருக்கிறார்கள், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். ஏனென்றால் உள்நாக்கு வேறு, டான்சில் வேறு. மொபைல் டார்ச்சை அடித்துக் கண்ணாடி முன்னால் நின்று ‘ஆ’ சொல்லிப் பாருங்கள். நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரண்டு பக்கமும் திரைச்சீலை மாதிரி முன்னால் ஒரு மடிப்பு, பின்னால் ஒரு மடிப்பு இருக்கும், அந்த இரண்டு மடிப்புக்கும் நடுவே பொதிந்திருக்கிற கொட்டைப்பாக்கு அளவுச் சதைதான் டான்சில். பாடப்புத்தகத் தமிழில் அடிநாச்சதை. அது வீங்கிப் புண்ணாவது அடிநாச்சதை அழற்சி.

இன்னொரு திருத்தம். அது ‘வளர்ந்த’ சதை அல்ல, எல்லோருக்கும் பிறவியிலேயே இருப்பது. மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை நன்றாகப் பெருத்திருக்கும், வயதுக்கு வந்த பிறகு தானாகச் சுருங்கத் தொடங்கும். வலி, காய்ச்சல் எதுவும் இல்லாத ஐந்து வயதுக் குழந்தைக்கு டான்சில் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் பயப்பட ஒன்றுமில்லை, அந்த வயதில் அது பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் பெரிதாக இருக்க வேண்டும்? அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும்.

வாளையார் சோதனைச்சாவடி ஞாபகம் இருக்கிறதா? 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் கோவையிலிருந்து பாலக்காடு போகிற வழியில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். நம் உடம்பில் வாயும் மூக்கும் உள்ளே போகிற முக்கில் அப்படி ஒரு சாவடி இருக்கிறது. ஒன்றல்ல, வட்டமாக ஒரு கூட்டமே இருக்கிறது: பக்கத்துக்கு ஒன்றாக இந்த இரண்டு டான்சில்கள், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு, நாக்கின் வேர்ப்பகுதியில் ஒரு திட்டு, காதுக்குப் போகும் குழாயின் வாயில் கொஞ்சம். இந்த வளையத்தை 1884இல் விவரித்தவர் வால்டயர் என்ற ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர், அவர் பெயரிலேயே இன்றும் வால்டயர் வளையம் என்கிறார்கள்.

கழுத்திலும் அக்குளிலும் இருக்கும் நிணநீர் முடிச்சுகளும் காவல் வேலைதான் பார்க்கின்றன. ஆனால் அவை ஊருக்குள் இருக்கும் ஆபீஸ் மாதிரி. யாராவது நிணநீர்க் குழாய் வழியாகச் சரக்கைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் பிரித்துப் பார்க்கும். டான்சிலுக்குள் அப்படிக் கொண்டுவந்து கொட்டும் குழாய் கிடையாது. அது ரோட்டிலேயே நின்றுகொண்டு, போகிற வருகிற சாப்பாட்டையும் காற்றையும் நேரடியாகத் தடவிப் பார்க்கிறது. அதற்கு வசதியாக அதன் மேற்பரப்பு மழமழவென்று இருக்காது. ஒவ்வொரு டான்சிலிலும் பத்திலிருந்து முப்பது வரை ஆழமான குழிகள், கிளைவிட்டுக் கிளைவிட்டு உள்ளே போகும். குழியின் சுவர் பல இடங்களில் சல்லடை மாதிரி மெலிந்திருக்கும். அங்கே இருக்கும் சிறப்பு உயிரணுக்கள் வெளியிலிருந்து கிருமித் துணுக்குகளைப் பிடித்து உள்ளே கைமாற்றிவிடும். உள்ளே காத்திருக்கும் பி அணுக்கள் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) அதைப் பார்த்து, “சரி, இவனை அடையாளம் வைத்துக்கொள்வோம்” என்று எதிர்ப்பொருள் தயாரிக்க ஆரம்பிக்கும். ஒரு குழந்தை முதல் பத்து வருடத்தில் ஏகப்பட்ட கிருமிகளைப் புதிதாகச் சந்திக்கிறது, சாவடியில் அந்த வயதில்தான் வேலை அதிகம், சதையும் அப்போதுதான் பெருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருப்பது தெரிகிறதல்லவா? கிருமியைப் பிடிப்பதற்காகவே சுவரை மெலிதாக வைத்து, ஒதுங்குவதற்குக் குழியும் வெட்டி வைத்தால், சில கிருமிகள் அதே குழியில் குடிசை போட்டுவிடும். எங்கே சோதனை நடக்கிறதோ அங்கேயே சண்டையும் நடக்கிறது. டான்சில் அழற்சி அந்தச் சண்டைதான்.

யாரெல்லாம் வந்து சண்டை போடுகிறார்கள்? பெரும்பாலும் வைரஸ்கள். சளி பிடிக்க வைக்கும் ரைனோவைரஸ், இன்ஃப்ளுயென்சா, கொரோனா குடும்பத்தார், அடினோவைரஸ், வாயில் கொப்புளம் போட வைக்கும் காக்சாக்கி என்று பட்டியல் நீளம். அடினோவைரஸுக்குப் பெயர் வந்ததே 1953இல் அறுவை செய்து எடுத்த அடினாய்டு சதையில் அதைக் கண்டுபிடித்ததால்தான். அதாவது இந்த வளையம் அவர்களுக்குப் பழைய விலாசம். பாக்டீரியாக்களில் முக்கியமான ஆள் ஒருவர்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜென்ஸ், ‘ஏ பிரிவு ஸ்ட்ரெப்’ என்பார்கள். (ஏ, பி, சி என்று பிரித்து வைத்தது ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1933இல்.) தொண்டை வலி என்று டாக்டரிடம் போகும் நூறு பிள்ளைகளில் சுமார் 20 முதல் 30 பேருக்கு இந்த ஆள் காரணமாக இருப்பார், பெரியவர்களில் 5 முதல் 15 பேருக்குத்தான். மூன்று வயதுக்குக் கீழே இவர் அபூர்வம். ஆக, கடைக்கு வந்து மூணு மாத்திரை அட்டை கேட்கும் பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த மாத்திரை செய்யப்போவது ஒன்றுமில்லை. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடவே தொடாது. மூன்றாம் நாள் சரியானது மாத்திரையால் என்று நினைத்துக்கொள்வார்கள், எப்படியும் சரியாகியிருக்கும்.

ஐஸ் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஆத்தாவிடம் நானும் கேட்டேன், நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, பையன் யாரோடு இருந்தான் என்று. ஒரம்பரைக்கு (விருந்தாளியாக) வந்த பெரியம்மா மகன் ஒருவன் தொண்டை வலி என்று சோறு தின்னாமல் சுருண்டு படுத்திருந்திருக்கிறான். ரெண்டு பேரும் ஒரே சொம்பில் தண்ணீர் குடித்து ஒரே பாயில் படுத்தவர்கள். ஸ்ட்ரெப் உள்ளே புகுந்து தன் வேலையைக் காட்ட இரண்டிலிருந்து ஐந்து நாள் ஆகும். நோம்பி முடிந்து மூன்றாம் நாள் இவனுக்குக் காய்ச்சல். கணக்கு ஒத்துப்போகிறது. ஐஸ் தின்றதும் அதே நோம்பியில்தான், ஆனால் ஐஸ் கண்ணுக்குத் தெரிந்தது, கிருமி தெரியவில்லை, பழி ஐஸ் மேல் விழுந்துவிட்டது. புளிப்பு, தயிர், தலைக்குத் தண்ணி ஊற்றியது எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சுத்தமில்லாத தண்ணீரில் செய்த ஐஸ் வயிற்றைக் கெடுக்கும், அது வேறு வழக்கு. அதே மாதிரி திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி, மில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பஞ்சுத் தூசியில் தொண்டை கரகரக்கும், எரியும். அது உரசலால் வரும் எரிச்சல், காய்ச்சலும் கழுத்தில் நெறியும் வெள்ளைப் படலமுமாக வருகிற இந்த நோய் அல்ல.

சரி, ஸ்ட்ரெப் உள்ளே வந்தால் படிப்படியாக என்ன நடக்கிறது? எனக்கு இந்தப் பகுதிதான் பிடித்தது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தொண்டை என்பது கிருமி நிற்க லாயக்கில்லாத இடம். எச்சில் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை விழுங்குகிறோம், பிடிமானம் இல்லாத எதுவும் நேராக வயிற்று அமிலத்துக்குள் போய்ச் சேரும். அதனால் முதல் வேலை ஒட்டிக்கொள்வது. காட்டுக்குள் நடந்து வந்தால் வேட்டிக் கரையில் ஒட்டுப்புல் ஏறியிருக்குமே, அந்த மாதிரி இந்தப் பாக்டீரியாவின் மேல் முடி முடியாகச் சில புரதங்களும் பசைப் பொருட்களும் இருக்கின்றன. டான்சில் தோலில் இருக்கும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தில் அவை கொக்கி போட்டுக்கொள்ளும்.

அடுத்து ஒளிந்துகொள்வது. இங்கேதான் இது கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. இதன் பல வகைகள் தங்களைச் சுற்றி ஹயலுரானிக் அமிலத்தால் ஒரு போர்வை நெய்துகொள்ளும். அது நம் மூட்டிலும் தோலிலும் இயல்பாக இருக்கும் அதே பொருள். காவலுக்கு நிற்கும் வெள்ளையணு பார்த்தால், “அட, நம்ம ஊட்டு ஆளு” என்று விட்டுவிடும். அதற்குள்ளேயும் எம் புரதம் என்று ஒன்று உண்டு, வெள்ளையணு பிடித்து விழுங்குவதைத் தடுப்பது அதன் வேலை. இந்த எம் புரதத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் கண்டிருக்கிறார்கள். ஒரு வகைக்கு எதிராக நம் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் இன்னொரு வகைக்குப் பெரிதாக உதவாது. ஒரே பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப ஸ்ட்ரெப் வருவதற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் தாக்குதல். ஸ்ட்ரெப்டோலைசின் என்ற நச்சு நம் உயிரணுக்களின் சுவரில் ஓட்டை போடும். ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கலந்த தட்டில் இந்தப் பாக்டீரியாவை வளர்த்தால், அது இருக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்பணுக்கள் உடைந்து கண்ணாடி மாதிரி வெளுத்த வட்டம் தெரியும், அந்த ஓட்டை போடும் வேலையைக் கண்ணால் பார்க்கிற இடம் அது. திசுக்களைக் கரைத்து வழி உண்டாக்கிக்கொள்ளவும் சில நொதிகளை வைத்திருக்கிறது. சில வகைகள் ரத்தத்தில் கலக்கும் நச்சையும் விடும், அப்போது உடம்பெல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று சிவந்து, நாக்கு ஸ்ட்ராபெரி போல ஆகும். அதுதான் ஸ்கார்லெட் காய்ச்சல்.

இவ்வளவுக்கும் உடம்பு சும்மா இருக்குமா? தாக்கப்பட்ட அணுக்கள் போடும் கூக்குரல்தான் ஹிஸ்டமின், பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின், சைட்டோகைன் என்று நீளும் வேதிப்பொருட்கள். அவை ரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால் தொண்டை செக்கச்செவேலென்று ஆகிறது. குழாய்ச் சுவர் கசியும், நீர் சதைக்குள் இறங்கி டான்சில் உப்புகிறது. நரம்பு முனைகளைக் கூர்மையாக்கிவிடும், அதனால் எச்சில் விழுங்கினாலே உயிர் போகிறது. விழுங்கும்போதெல்லாம் தொண்டைத் தசைகள் வீங்கிய டான்சிலைச் சேர்த்துப் பிழிகின்றன, வேறென்ன ஆகும். வெள்ளையணுக்கள் ஓடிவந்து சண்டை போட்டு அங்கேயே சாகும், அந்தப் பிணக்குவியல், உதிர்ந்த தோல், செத்த பாக்டீரியா எல்லாம் குழிகளின் வாயில் பிதுங்கி நிற்பதைத்தான் வெள்ளை வெள்ளையாகப் பார்க்கிறோம். அதாவது வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றில் பெரும்பங்கு கிருமி நேரடியாகச் செய்தது அல்ல, நம் ஆட்கள் அடித்த அடியில் உடைந்த சட்டி பானைதான்.

காய்ச்சலும் அப்படியே. சைட்டோகைன்கள் ரத்தத்தில் மூளைக்குப் போய், உடம்புச் சூட்டை நிர்ணயிக்கும் ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டினைக் கூட்டிவிடும். மூளை 37 டிகிரிக்கு வைத்திருந்த திருகை 39க்குத் திருப்பிவிடுகிறது. உடம்பு அப்போது 37இல் இருப்பதால், மூளைக்கு அது குளிராகத் தெரிகிறது, அதனால் நடுக்கம், போர்வை. பாரசிட்டமால் அந்தத் திருகைத்தான் இறக்குகிறது, கிருமியோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

தாடைக் கோணத்துக்குக் கீழே கழுத்தில் உருண்டையாகக் கையில் படுவதை நாம் ‘நெறி கட்டிருக்குது’ என்கிறோமே, டான்சிலிலிருந்து வடிகிற நிணநீர் போய்ச் சேரும் முதல் முடிச்சு அது. ஊருக்குள் இருக்கும் ஆபீஸ் என்றேனே, அதற்கு இப்போது சரக்கு வந்து குவிந்துவிட்டது. காது வலிக்குக் காரணம் இன்னும் வேடிக்கை. டான்சிலுக்கும் நடுக்காதுக்கும் உணர்வு கொண்டுபோகிற நரம்பு ஒன்றேதான், ஒன்பதாவது மூளை நரம்பு. ஒரே கம்பியில் இரண்டு வீட்டு அழைப்பு மணியைக் கட்டினால் எந்த வீட்டில் ஆள் நிற்கிறார் என்று குழம்புமே, அந்தக் குழப்பம். டான்சில் பழுத்திருக்கக் காதுக்குச் சொட்டு மருந்து கேட்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

வைரஸ் வந்தால் நடப்பது இதே அழற்சிதான், தொடக்கம் மட்டும் வேறு. வைரஸ் வெளியே ஒட்டிக்கொண்டு நிற்காமல் உயிரணுவுக்குள் புகுந்து, அதையே பட்டறையாக்கித் தன்னைப் பெருக்கிக்கொண்டு வெளியே வரும். தொண்டையோடு மூக்கு, கண், குரல் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போவதால் மூக்கொழுகல், இருமல், கண் சிவப்பு, குரல் கம்மல் கூடவே வரும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் (1964இல் கண்டறிந்தது) மட்டும் தனி ரகம். அது பி அணுக்களைப் பிடிக்கிற வைரஸ், டான்சிலோ பி அணுக்களின் கோட்டை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வந்தால் இரண்டு டான்சிலும் நடுவில் முட்டுகிற அளவுக்கு வீங்கி, வெள்ளைப் படலம் போர்த்தி, வாரக்கணக்கில் அசதி தரும். பார்ப்பதற்கு அப்படியே ஸ்ட்ரெப். இவர்களுக்கு அமாக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்துவிடும். ஒரு காலேஜ் பையன் அப்படி மேலெல்லாம் பூத்துக்கொண்டு கடைக்கு வந்து, என் மாத்திரைதான் சரியில்லை என்று சண்டைக்கு நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவனுக்கு மண்ணீரலும் வீங்கியிருக்கும், ஒரு மாதமாவது கபடி மாதிரி மோதல் விளையாட்டு கூடாது என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் கண்ணால் பார்த்தே ஸ்ட்ரெப்பா வைரஸா என்று சொல்லிவிட முடியாதா? முழுசாக முடியாது. வெள்ளை இருந்தால் பாக்டீரியா என்று நினைப்பது பெரிய தப்பு, அடினோவைரஸும் வெள்ளை காட்டும். டாக்டர்கள் ஒரு மனக்கணக்குப் போடுவார்கள், 1981இல் வந்த சென்டர் அளவுகோல் என்று பெயர்: காய்ச்சல் உண்டா, டான்சிலில் வெள்ளைப் படலம் உண்டா, கழுத்தின் முன்பக்க நெறி தொட்டால் வலிக்கிறதா, இருமல் இல்லையா. நாலுக்கும் ஆமாம் என்றால் சந்தேகம் கூடும், பள்ளி வயது என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். அப்போதும் தொண்டையில் பஞ்சால் தடவி எடுத்துச் செய்யும் பரிசோதனைதான் உறுதி சொல்லும். நம் ஊரில் பலர் ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. பார்த்துவிட்டு வந்து ‘டான்சில் டெஸ்ட் பாசிட்டிவுங்க’ என்கிறார்கள். ஸ்ட்ரெப்டோலைசினுக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருளின் அளவு அது. ஏறுவதற்கே வாரக்கணக்கு ஆகும். போன மாதம் திருடன் வந்து போனானா என்பதற்கு அது சாட்சி, இன்றைக்கு வீட்டுக்குள் இருக்கிறானா என்பதற்கு அல்ல.

ஆத்தா கூட்டி வந்த பையனுக்கு இருமலும் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. நெறியைத் தொட்டதும் கத்தினான். மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்பினேன், ஆத்தாவுக்கு என் மேல் வருத்தம்தான். பரிசோதனையில் ஸ்ட்ரெப். பத்து நாள் அமாக்சிசிலின் எழுதியிருந்தார்கள். நாலாம் நாள் ஆத்தா திரும்ப வந்தார், மீதி மருந்தைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு. “பையன் தெளிஞ்சுட்டானுங்க, தெருவுல வெளையாடறான்.”

அப்போது நான் அவரிடம் எங்கள் தெரு அக்கா ஒருவரைப் பற்றிச் சொன்னேன். நாற்பது வயது இருக்கும். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை தவறாமல் கடைக்கு வந்து 12 லட்சம் யூனிட் பெனிசிலின் ஊசி மருந்து வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுக்கொள்வார். ஊசி போட்ட அன்று நொண்டிக்கொண்டுதான் நடப்பார், அவ்வளவு வலி. இதயத்தில் மைட்ரல் வால்வு கெட்டுப்போயிருக்கிறது. சின்னப்பிள்ளையாக இருந்தபோது தொண்டை வலி வந்து போயிருக்கிறது, கொஞ்ச நாள் கழித்து முழங்கால் வீங்கி, அது இறங்கிக் கணுக்கால் வீங்கி, அதுவும் தானாகச் சரியாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

இதன் பெயர் ருமாட்டிக் காய்ச்சல், கீல்வாதக் காய்ச்சல் என்றும் எழுதுகிறார்கள். இதில் பாக்டீரியா இதயத்துக்குப் போவதே இல்லை. நம் உடம்பு எம் புரதத்தைப் பார்த்து அதற்கு எதிராக ஆயுதம் செய்கிறது. அந்த எம் புரதத்தின் சில பகுதிகள் நம் இதயத் தசையில் இருக்கும் மயோசின் போன்ற புரதங்களின் சாயலில் இருக்கின்றன. தொண்டைச் சண்டை முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, எல்லாம் அடங்கிவிட்டது என்று நாம் நினைக்கும்போது, சிலருக்கு அந்த ஆயுதம் சாயல் பார்த்து இதயத்தின் மேலும் மூட்டின் மேலும் பாய்கிறது. மூட்டு தப்பித்துக்கொள்ளும், வால்வு தழும்பேறிச் சுருங்கிவிடும். ஒவ்வொரு புது ஸ்ட்ரெப் தொற்றும் அந்தத் தழும்பைக் கூட்டும் என்பதால்தான் அக்காவுக்கு வருடக்கணக்கில் ஊசி. பணக்கார நாடுகளில் இந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது, நம் நாட்டில் இன்னும் போகவில்லை.

நல்ல சேதி என்னவென்றால் தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிட்டாலே இந்த ஆபத்தைத் தடுக்கலாம். அதாவது ஒரு நாள் பொறுத்துப் பரிசோதனை செய்துகொள்ள அவகாசம் இருக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாக மூணு மாத்திரை அட்டை தேவையில்லை. இன்னொன்று, பெனிசிலினுக்கு அடங்காத ஏ பிரிவு ஸ்ட்ரெப் இத்தனை வருடத்தில் நோயாளிகளிடம் வந்ததாகப் பதிவே இல்லை. அசித்ரோமைசினுக்கு அடங்காதது நிறைய உண்டு. பெனிசிலின் ஒவ்வாமை இருப்பவர்களுக்காக வைத்திருக்கும் மருந்தை எல்லோரும் முதல் மருந்தாக்கியதில் எங்கள் தொழில்காரர்களுக்கும் பங்கிருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. மருந்து ஆரம்பித்து ஒரு நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும், காய்ச்சலும் விட்டுவிடும். மீதி நாட்கள் தொண்டையில் மிச்சமிருப்பவர்களை முழுசாகத் துடைப்பதற்கு. ஆத்தா மருந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்ட்ரெப் விட்டுப் போகும் இன்னொரு வினை சிறுநீரகத்தில். ஒன்று முதல் மூன்று வாரத்தில் சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போய், காலையில் முகம் வீங்கினால் உடனே காட்ட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழுசாகச் சரியாகிவிடும்.

சிலருக்கு வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்? எம் புரத வகைகளைச் சொன்னேன். இன்னொன்று அந்தக் குழிகள். தண்ணித் தொட்டியின் உள்சுவரில் வழவழவென்று பாசி படியுமே, பாக்டீரியாக்களும் குழிச் சுவரில் அப்படி ஒரு படலம் கட்டிக்கொண்டு வாழும். மருந்து மேலாக இருப்பவர்களைக் கொல்லும், அடியில் இருப்பவர்கள் பொறுத்திருந்து பிறகு கிளம்புவார்கள். அதே குழிகளில் உணவுத் துணுக்கும் செத்த அணுக்களும் தேங்கிச் சுண்ணாம்பேறினால் வெள்ளைக் கல் மாதிரி திரளும், இருமும்போது தெறிக்கும், நசுக்கினால் நாற்றம் தாங்காது. அது டான்சில் கல், அருவருப்பு மட்டும்தான், ஆபத்து இல்லை. பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஸ்ட்ரெப்பைத் தொண்டையில் சுமந்துகொண்டிருப்பார்கள் என்பதும் குழப்பத்தைக் கூட்டும். அவர்களுக்குச் சாதாரண வைரஸ் சளி வந்து பரிசோதித்தாலும் ‘ஸ்ட்ரெப் இருக்கிறது’ என்றுதான் வரும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஆத்தாமார்கள் சும்மா விட மாட்டார்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது நல்லது, வீங்கிய சதையிலிருந்து கொஞ்சம் நீரை உப்பு வெளியே இழுக்கும், ஒட்டியிருக்கும் கசடும் கழுவிப் போகும். சூடான கொள்ளு ரசம், மஞ்சள் பால் எல்லாம் இதம்தான். ஈரோட்டு மஞ்சள் மேல் எனக்கும் பாசம் உண்டு, ஆனால் குழிக்குள் இருக்கும் ஸ்ட்ரெப்புக்குப் பத்து நாள் பெனிசிலினுக்குப் பதில் மஞ்சள் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கழுத்தில் சுண்ணாம்பு பத்துப் போட்டுத் தோல் வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம்.

எதைப் பார்த்தால் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் வலி கூடிக்கொண்டே போய், வாயை இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்க முடியாமல், எச்சில் ஒழுகி, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குரல் மாறினால், டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் தாடைத் தசை இறுகுவதால்தான் வாய் திறக்கவில்லை. சீழை வெளியே எடுத்தாக வேண்டும். சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு, வழித்தால் ரத்தம் வரும் படலம், மாட்டுக் கழுத்து மாதிரி வீக்கம் என்றால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம், டிப்தீரியா. 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளைப் போட்டவர்கள்கூட ஒன்றரை வயது, ஐந்து வயது, பத்து வயது, பதினாறு வயது ஊசிகளை விட்டுவிடுகிறார்கள், அட்டையை எடுத்து ஒருதரம் பாருங்கள்.

கடைசியாக ஆபரேஷன். எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். வளையத்தில் மற்ற சாவடிகள் இருக்கின்றன, கழுத்து முடிச்சுகள் இருக்கின்றன, பெரிய நஷ்டம் தெரிவதில்லை. அதற்காக நாலு தடவை வலித்ததும் எடுத்துவிட வேண்டியதும் இல்லை. ஒரே வருடத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு மூன்று என்று சீட்டோடு கணக்கு இருந்தால்தான் யோசிப்பார்கள். ராத்திரி குறட்டைவிட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிற பிள்ளைகளுக்குக் கணக்கே பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு அடினாய்டையும் சேர்த்தே எடுப்பது உண்டு.

எடுத்த பிறகு பல டாக்டர்கள் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கொடுக்கச் சொல்வார்கள், குளிர்ச்சி வலியை மரக்க வைக்கும். புண்ணின் மேல் வெள்ளையாக ஆடை படியும், அது சீழ் அல்ல, ஆறுகிற தோல். ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அந்த ஆடை உதிரும்போது சிலருக்கு ரத்தம் வரும். எச்சிலில் சிவப்பாகக் கோடு தெரிவதற்குமேல் புது ரத்தமாக வந்தால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல், பிள்ளையை உட்கார்ந்த வாக்கிலேயே வைத்து, ரத்தத்தை விழுங்க விடாமல் துப்பச் சொல்லிக்கொண்டே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.